மரபணு ஆலோசகர் ஆகக் கைப்பயிற்சி: குமரியிலிருந்து யாருக்கு எந்த வழி?

விலங்கியல், பயோடெக்னாலஜி, நர்சிங் படித்தவர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை பக்கமிருந்து அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மரபணு ஆலோசகர் ஆக ஆசை, கைப்பயிற்சிக்கு எங்கே போவது? திருவனந்தபுரத்தில் ஒரு மாதக் கோர்ஸ் போதுமா, எம்எஸ்சி சேர்ந்தே ஆக வேண்டுமா, ஆன்லைனில் முடித்துவிட முடியாதா? கேட்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டப் போகும் நிலையில் இருப்பார்கள். கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

## முதலில், இந்த வேலையில் செய்வது என்ன?

மரபணு ஆலோசகர் ரத்தத்தைச் சோதிப்பவர் அல்ல, மருந்து எழுதுபவரும் அல்ல. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை விசாரித்துப் படமாக வரைகிறார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. எந்தப் பரிசோதனை தேவை, எது வீண் செலவு என்று மருத்துவரோடு கலந்து பேசுகிறார். ரிப்போர்ட் வந்தபின் அதைக் குடும்பத்துக்குப் புரியும்படி சொல்கிறார். என்ன செய்வது என்ற முடிவு மட்டும் குடும்பத்தின் கையில்.

ஒரு கணக்கு பார்ப்போம். தம்பிக்கு எஸ்எம்ஏ எனப்படும் தண்டுவடத் தசைச் சிதைவு நோய். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மரபணு மாற்றம் வந்தால்தான் இந்த நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோயில்லாத சுமப்பவர். அக்காவுக்கு எந்தக் குறையும் இல்லை, வரன் பார்க்கிறார்கள். அந்த மரபணு மாற்றத்தை அவள் சுமந்துகொண்டிருக்க 3-ல் 2 வாய்ப்பு. வெளியே மாப்பிள்ளை எடுத்தால், பொதுமக்களில் 50 பேருக்கு ஒருவர் சுமப்பவர் என்று வைத்துக்கொண்டால், பிறக்கும் பிள்ளைக்கு நோய் வர 300-ல் 1 வாய்ப்பு. தாய்மாமன் மகனுக்குக் கொடுத்தால் அது 24-ல் 1 ஆகிறது. தாய்மாமனுக்கே கொடுத்தால் 12-ல் 1. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முன்கூட்டியே சுமப்பவர் பரிசோதனை செய்துவிட்டால் இந்த எண்கள் எல்லாமே மாறிவிடும்.

இதைத் தாளில் போட ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் முறை மாப்பிள்ளைக்குப் பேசி முடித்த வீடு அது. எதிரே பெண்ணின் அம்மா உட்கார்ந்திருக்கிறார். மாற்றம் தன் வழியாகவும் வந்திருக்கிறது என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைக்கிறது. அந்த நேரத்தில் 24-ல் 1 என்பதை எந்தக் குரலில், எந்த வரிசையில் சொல்வது? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. ஆகவே நம் பக்கத்தில் இது அபூர்வமான சூழ்நிலை இல்லை. கைப்பயிற்சி என்று நான் சொல்வது இதற்கான பயிற்சியை.

## எதை வைத்து எடைபோடுவது?

எத்தனை குடும்பங்களின் எதிரே உட்காரப் போகிறீர்கள், உங்களைத் திருத்துவது யார் என்பதுதான் முதல் அளவுகோல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அமெரிக்காவில் மரபணு ஆலோசனைக்கான முதல் முதுகலைப் படிப்பு 1969-ல் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது. இன்று அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பில் ஒரு மாணவர் குறைந்தது 50 குடும்பங்களின் ஆலோசனையில் தானே பங்கெடுத்திருக்க வேண்டும் என்பது விதி. ஓரமாக நின்று பார்ப்பது இந்த 50-ல் சேராது. இந்தியாவில் எந்தப் பயிற்சியை எடைபோடும்போதும் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. "பயிற்சியில் எத்தனை கேஸ்?" என்று கேட்டால் "நிறைய வரும்" என்று பதில் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் வராது.

திருத்துவது யார் என்பதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? மாமியாரும் மருமகளும் சேர்ந்து வருகிறார்கள் என்று வையுங்கள். குடும்பப் படம் வரையும்போது எல்லாக் கேள்விக்கும் மாமியாரே பதில் சொல்வார். "எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணும் கெடையாது மக்ளே." பயிற்சியில் இருப்பவர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். பழகியவர் ரத்த அழுத்தம் பார்க்க என்று மருமகளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கலைந்த பிள்ளைகளைப் பற்றித் தனியாகக் கேட்பார். இரண்டு கருச்சிதைவு அப்போதுதான் படத்தில் ஏறும். பெற்றோரின் குரோமோசோமைப் பார்க்க வேண்டுமா என்ற முடிவே அதைப் பொறுத்தது. உங்கள் படத்தைப் பார்த்து "இந்தக் கேள்வியை இவரிடம் கேட்டாயா?" என்று விரல் வைத்துக் காட்ட ஒருவர் இல்லாத பயிற்சி வெறும் வேடிக்கை பார்த்தல்தான்.

அடுத்தது லேப். ஆலோசகர் லேப்பில் வேலை செய்யப் போவதில்லை என்றாலும், மாதிரி எங்கே கெட்டுப்போகும், முடிவு வர ஏன் மூன்று வாரம், ஏன் சில சமயம் திரும்ப ரத்தம் கேட்கிறார்கள் என்பதெல்லாம் கையால் செய்தால்தான் புரியும். அதற்கு ஓரளவு லேப் போதும். ஆறு மாதம் பிப்பெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

மூன்றாவது, சான்றிதழ் எங்கே செல்லுபடியாகும் என்பது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் உள்ளது போன்ற தனி அரசுப் பதிவு மரபணு ஆலோசகருக்கு நம் நாட்டில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் சட்டம் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கருவின் பாலினத் தேர்வைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டப்படி, கர்ப்பகாலப் பரிசோதனை சார்ந்த மரபணு ஆலோசனை மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், அங்கே பணியாற்றுபவர்களுக்குத் தகுதி வரையறையும் உண்டு. உயிரியல் பிரிவில் முதுகலை முடித்து, அதன்பின் இத்துறையில் பட்டமோ பட்டயமோ அல்லது இரண்டு ஆண்டு அனுபவமோ உள்ளவரை மருத்துவ மரபியலாளர் என்ற வரையறைக்குள் அந்தச் சட்டம் சேர்க்கிறது. ஒரு மாதச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி மையம் திறக்க முடியாது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று வாய்தவறிச் சொன்னாலும் குற்றம் என்பதையும் முதல் நாளே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

மொத்தச் செலவு, மொழி இரண்டும் மீதி. இவற்றை ஒவ்வொரு வழியிலும் பார்த்துக்கொள்ளலாம்.

## வழி 1: ஊரிலேயே, மருத்துவமனையில் உடனிருந்து பார்ப்பது

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மாவட்டத்தின் பெரிய வாசல். மேற்குப் பக்கத்தில் குலசேகரத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குழந்தைகள் பிரிவு, மகப்பேறு பிரிவு, ஸ்கேன் அறை, இவற்றோடு 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் வரும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவையும் உங்களுக்குப் பாடசாலை. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதித்துக் கண்டுபிடிக்கப்படும் டவுன் சிண்ட்ரோம், உதட்டுப் பிளவு, வளைபாதம், பிறவி இதயக் குறை, பிறவிக் காது கேளாமை உள்ள குழந்தைகள் இந்த வழியாகத்தான் மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்கள்.

இங்கே கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது: நம் ஊர் மனிதர்கள், நம் ஊர்க் கேள்விகள். மணவாளக்குறிச்சி, சின்னவிளை, கடியப்பட்டணம் பக்கத்திலிருந்து வரும் பெற்றோர் நிச்சயம் மணலைப் பற்றிக் கேட்பார்கள். மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் கலந்த மணலின் இயற்கைக் கதிர்வீச்சுதான் பிள்ளையின் குறைக்குக் காரணமா? ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. கேரளத்தில் இதே வகை மணல் உள்ள கொல்லம் பகுதியில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் கண்காணித்த ஆய்வுகளில், கதிர்வீச்சு மிகுந்த பகுதிக்கும் சாதாரணப் பகுதிக்கும் பிறவிக் குறைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதே கொல்லம் பக்கத்துக் கருநாகப்பள்ளியில் நடந்த புற்றுநோய் ஆய்வும் 2009-ல் கூடுதல் ஆபத்து தெரியவில்லை என்றே சொன்னது. அதே நேரம், 2002-ல் வெளியான ஓர் ஆய்வு அப்பகுதி மக்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் கூடுதல் மாற்றங்களைக் கண்டது. இரண்டையும் தெரிந்துகொண்டு, "மணல் என்று முடிவு கட்டி நிறுத்திவிட்டால் உண்மையான காரணம் தப்பிவிடும், அடுத்த பிள்ளைக்கு உதவாது" என்று சொல்லப் பழக வேண்டும். சென்னைப் பாடப்புத்தகத்தில் இந்த அத்தியாயம் இருக்காது.

மறைந்திருக்கும் விலை என்ன? பணம் அல்ல. திருத்த ஆள் கிடைப்பது கஷ்டம். குழந்தை மருத்துவர் நல்லவராக இருப்பார், ஆனால் ஓபியில் வரிசை வாசல் வரை நிற்கும்போது உங்கள் குடும்பப் படத்தைப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? உள்ளே நுழையவே கல்லூரிக் கடிதம், டீன் அனுமதி, துறைத் தலைவர் ஒப்புதல் என்று சில வாரம் அலைய வேண்டியிருக்கும். நோயாளி விவரத்தை ஆய்வுக்கு எடுக்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி தனி. கடைசியில் கையில் வருவது ஒரு பக்கக் கடிதம்.

இளங்கலை இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இது மிகச் சிறந்த வழி. இந்த வேலை தமக்கு ஒத்து வருமா என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. டவுன் சிண்ட்ரோம் குழந்தையோடு வந்த அம்மா அழும்போது உங்களுக்கு அங்கிருந்து ஓடத் தோன்றுகிறதா, உட்காரத் தோன்றுகிறதா என்பது கோடை விடுமுறையிலேயே தெரிந்துவிடும். எம்எஸ்சி முடித்தவர்களுக்கு இது மட்டும் போதாது.

## வழி 2: திருவனந்தபுரம் போய்வந்து லேப் பயிற்சி

குமரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. சென்னை ஓர் இரவுப் பயணம், ஆனால் திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள். குழித்துறையில் ஏறுபவர்களுக்கு இன்னும் குறைவு. அங்கே ஆர்சிசி எனப்படும் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. அரிய நோய்களுக்கான தேசிய உயர்சிறப்பு மையங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட எஸ்ஏடி மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம், ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையம் எல்லாம் அங்கேதான். இவை தவிர, ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை குரோமோசோம் பயிற்சி தரும் தனியார் லேப்களும் உண்டு. விளம்பரத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை.

என்ன சொல்லித் தருவார்கள்? ரத்தம் பச்சை மூடிக் குழாயில் வர வேண்டும், ஏனென்றால் அதில் ரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் இருக்கிறது, செல் உயிரோடு இருக்கும். ஊதா மூடி இடிடிஏ குழாய் டிஎன்ஏ எடுக்கத்தான். ஊரில் எடுத்த மாதிரி குழாய் மாறிப் போனால் செல் வளராது, திரும்பவும் பிள்ளையைக் குத்த வேண்டும். ஆலோசகர் ஆகப் போகிறவருக்கு இந்த ஒரு விஷயமே அந்தக் கட்டணத்தில் பாதிக்குச் சமம். பிறகு 72 மணி நேரம் செல்களை வளர்த்து, பிரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் கால்செமிட் என்ற மருந்து போட்டு நிறுத்தி, நீர்த்த உப்புக் கரைசலில் ஊதவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்து பதப்படுத்துவார்கள். கடைசியில் கண்ணாடித் தகட்டில் துளி விடுவார்கள். அந்தத் துளி விடுவதில்தான் விஷயம். காற்றின் ஈரம் கூடினாலும் குறைந்தாலும் குரோமோசோம்கள் சரியாக விரியாது, ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பயிற்சிக்குப் போனவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். பின்பு டிரிப்சின், கீம்சா சாயம் போட்டுப் பட்டைகளை எண்ணி அடுக்க வேண்டும்.

இந்த அடுக்கலைக் கையால் செய்தவருக்கு ஒன்று மனதில் பதிந்துவிடும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் சுமார் 95 சதவீதம் பேருக்கு 21-ஆம் குரோமோசோம் தனியாக ஒன்று கூடுதலாக இருக்கும். சிலருக்கு அது இன்னொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். ஒட்டியது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால், அடுத்த பிள்ளைக்கான வாய்ப்பு வேறு கணக்கு. "பார்த்தாலே தெரிகிறது, பரிசோதனை எதற்கு?" என்று கேட்கும் அப்பாவுக்கு இதுதான் பதில்.

மறைந்த செலவு இரண்டு. போக்குவரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம், சீசன் டிக்கெட் எடுத்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் செல் வளர்ப்பு உங்கள் ரயில் நேரத்தைக் கேட்காது. அறுவடை செய்யும் நாளில் மாலை வண்டி தவறினால் ராத்திரி பஸ். ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டிவரும். இரண்டாவது, சில இடங்களில் பதினைந்து பேரை ஒரே மேசையைச் சுற்றி நிறுத்தி, ஒருவர் செய்ய மற்றவர் பார்ப்பார்கள். தனித் தகடு, தனி நுண்ணோக்கி நேரம் உண்டா என்று கேட்டுவிட்டே சேருங்கள்.

மொழி ஒரு தடையே அல்ல. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் பேச்சில் சிக்கல் இல்லை. நோயாளிக் குறிப்பைப் படிக்க எழுத்து தெரிய வேண்டும் என்பது மட்டும் வேறு விஷயம்.

என் கருத்து இது: இந்த லேப் கோர்ஸ் நல்லதுதான், ஆனால் இது ஆலோசனைப் பயிற்சி அல்ல. பெயரில் ஆலோசனை என்று போட்டு, உள்ளே முழுக்க லேப் நடத்துவது சர்வசாதாரணம். லேப் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கும், எம்எஸ்சி சேரும் முன் இடைவெளி உள்ளவர்களுக்கும் பொருந்தும்.

## வழி 3: வெளியூரில் தங்கி இரண்டு ஆண்டு எம்எஸ்சி

இதில் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, மனித மரபியல் எம்எஸ்சி. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மனித மரபியல், மூலக்கூறு உயிரியல் துறையிலும் இருப்பது இந்த வகை. மற்றொன்று, மரபணு ஆலோசனைக்கென்றே உள்ள எம்எஸ்சி. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் மருத்துவ மரபியல் துறையில் நடப்பது இது. முதல் வகை உங்களை விஞ்ஞானி ஆக்கும் நோக்கில் அமைந்தது, அதில் ஆலோசனை ஒரு பகுதி. இரண்டாவது வகையில் நோயாளி அறைதான் வகுப்பறை.

முதல் வகையைக் குறைத்துச் சொல்லவில்லை. போரூரில் அதே வளாகத்தில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. துறையில் கேட்டு ஆர்வம் காட்டினால் குடும்பங்களைப் பார்க்க வாய்ப்பு உண்டு, பேச்சும் தமிழில். பாரதியார் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம், கட்டணச் சுமை குறைவு, ஆராய்ச்சிக்கு நல்ல அடித்தளம். ஆனால் வளாகத்தில் மருத்துவமனை இல்லை, ஆலோசனை அனுபவத்தை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். மணிப்பாலில் அனுபவம் செறிவாகக் கிடைக்கும், ஓபியில் வருபவர்கள் கன்னடமும் துளுவும் மலையாளமும் பேசுவார்கள். குமரி மலையாளம் அங்கே கொஞ்சம் கைகொடுக்கும், கன்னடம் ஆறு மாதத்தில் ஓரளவு பிடிபடும். ஆனால் ஆலோசனை என்பது நுணுக்கமான பேச்சு வேலை. இரண்டு ஆண்டும் அரைகுறை மொழியில் கேட்டுவிட்டு, ஊருக்கு வந்து தமிழில் சொல்லும்போது வார்த்தை தேடி நிற்பவர்கள் உண்டு. விடுமுறையில் ஆசாரிப்பள்ளம் வந்து உட்காருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

செலவுப் பட்டியலில் கட்டணமும் விடுதியும் மட்டும் எழுதினால் ஏமாந்துபோவோம். கடைசி ஆறு மாத ஆய்வுக்கான ரசாயனச் செலவை மாணவர் தலையில் போடும் இடங்கள் உண்டு. வெளி மருத்துவமனைக்குச் சுழற்சிப் பயிற்சி அனுப்பினால் அங்கே தங்குவது யார் செலவு? கல்விக் கடன் வாங்கினால் படிக்கும் காலத்து வட்டியும் சேரும். இரண்டு ஆண்டு சம்பளம் இல்லாமல் போவதும் செலவுதான். நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது, "இரண்டு வருஷம் கழிச்சு வரன் பார்க்கவா?" என்று. அது வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், படிப்பின் நடுவில் தலைதூக்கினால் படிப்புதான் நிற்கும்.

வெளிநாட்டு ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஆலோசகராகச் சான்று பெற, அங்கே அங்கீகாரம் உள்ள முதுகலைப் படிப்பு வேண்டும். இங்கே படித்த எம்எஸ்சி அந்தத் தேர்வுக்கு நேரடியாகக் கொண்டுபோகாது.

இதையே முழுநேரத் தொழிலாக எடுக்க முடிவு செய்துவிட்ட, 25 வயதுக்கு உட்பட்டவர் என்றால் நான் வேறு வழியைச் சொல்ல மாட்டேன்.

## வழி 4: பரிசோதனை நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப்

பெங்களூரு, சென்னை, ஐதராபாத் மரபணுப் பரிசோதனை நிறுவனங்கள் எம்எஸ்சி முடித்தவர்களை மூன்று, ஆறு மாதத்துக்கு எடுப்பதுண்டு. இங்கே கற்பது ரிப்போர்ட் வாசிப்பு. 2015-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலின்படி ஒரு மரபணு மாற்றத்தை நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, பொருள் தெரியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது என்று ஐந்தாகப் பிரிப்பார்கள். நடுவில் நிற்கும் "பொருள் தெரியாதது" என்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு போனில் ஒரு தகப்பனுக்கு விளக்குவதுதான் இந்தத் தொழிலின் கடினமான பாகம். "இவ்வளவு காசு வாங்கிட்டு தெரியலன்னா என்ன அர்த்தம்?" என்பார். மருத்துவமனையில் மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும் கேஸ் இங்கே ஒரு நாளிலேயே வரும்.

குறை, முகம் பார்க்காத ஆலோசனை. இன்னொன்று, நிறுவனத்துக்குப் பரிசோதனை விற்பனைதான் வருமானம். தேவையில்லாத பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அந்தச் சூழலில் வளர்வது கடினம். தருகிற உதவித்தொகை பெங்களூரு வாடகைக்குப் பற்றுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எம்எஸ்சிக்குப் பின் ஆறு மாதம் என்றால் அருமையான வழி. எம்எஸ்சிக்குப் பதிலாக என்றால் வேண்டாம்.

## வழி 5: ஆன்லைன் படிப்பும் சான்றிதழ்த் தேர்வும்

இந்திய மரபணு ஆலோசனை வாரியம் என்ற அமைப்பு பயிற்சியும் சான்றும் தருகிறது. இது அரசுச் சட்டத்தால் அமைந்தது அல்ல, தொழில் செய்பவர்கள் சேர்ந்து நடத்துவது. ஆனாலும் வேலை தருபவர்கள் இந்தப் பெயரை அறிவார்கள். படிக்க ஜீன் ரிவ்யூஸ், ஓமிம், கிளின்வார் என்ற மரபணுத் தகவல் தளங்கள் மூன்றும் இணையத்தில் இலவசம். தீவிரமாகப் படித்தால் பாடம் முழுவதையும் வீட்டிலிருந்தே கரைத்துக் குடித்துவிடலாம்.

ஆனால் குடும்பங்கள் திரை வழியே வந்து சேராது. அதை நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அதனால் இது யாருக்குப் பொருந்தும் என்றால், ஏற்கெனவே நோயாளிகளோடு இருப்பவர்களுக்கு: மகப்பேறு மருத்துவர், குழந்தைகள் பிரிவுச் செவிலியர், ஸ்கேன் மையத்தில் ஆலோசனை சொல்பவர், புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவர். அவர்களுக்குக் குடும்பங்கள் இருக்கின்றன, பாடம்தான் இல்லை. கல்லூரியை முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இதனால் கிடைப்பது ஒரு பிடிஎஃப் சான்றிதழ்.

## ஒரே பார்வையில்

| | குடும்பங்கள் | திருத்துபவர் | லேப் | வெளியே தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| ஊர் மருத்துவமனை | உண்டு, பார்ப்பது மட்டும் | அரிது | இல்லை | அனுமதிக்கு அலைச்சல் | இளங்கலை மாணவர் |
| திருவனந்தபுரம் லேப் | அநேகமாக இல்லை | லேப் வேலைக்கு உண்டு | நிறைய | நேரம், ஞாயிறு | லேப் வேலை, இடைவெளி |
| ஆலோசனை எம்எஸ்சி | நிறைய | உண்டு | போதுமான அளவு | மொழி, சம்பளமற்ற இரண்டு ஆண்டு | முழுநேரத் தொழில் |
| மனித மரபியல் எம்எஸ்சி | இடத்தைப் பொறுத்து | இடத்தைப் பொறுத்து | நிறைய | ஆய்வுச் செலவு | ஆராய்ச்சி, லேப், ஆலோசனை மூன்றுக்கும் கதவு |
| நிறுவன இன்டர்ன்ஷிப் | போனில் நிறைய | உண்டு | குறைவு, ரிப்போர்ட் அதிகம் | நகர வாடகை | எம்எஸ்சி முடித்தவர் |
| ஆன்லைன் | நீங்களே தேட வேண்டும் | திரையில் மட்டும் | இல்லை | தேர்வு, கேஸ் தேடுதல் | ஏற்கெனவே மருத்துவப் பணியில் உள்ளவர் |

## கலந்து எடுப்பது

அட்டவணையில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. எம்எஸ்சி முடித்து, கல்யாணமாகி, கைக்குழந்தையோடு ஊரில் இருக்கும் ஒருவருக்கு மணிப்பால் நடக்காது. அவருக்கு நான் சொல்வது: ஆன்லைன் படிப்பில் சேர்ந்துகொண்டே, ஊரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையிலோ ஸ்கேன் மையத்திலோ வாரம் இரண்டு அரைநாள் குடும்பப் படம் வரைந்து தர அனுமதி கேளுங்கள். மருத்துவருக்கு அது நேர மிச்சம், அதனால் மறுப்பது குறைவு. ஒவ்வொரு படத்திலும் பெயரை நீக்கிவிட்டு, ஆன்லைன் வகுப்பின் ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் வாங்குங்கள். குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் திருவனந்தபுரத்தில் ஒரு மாத லேப். இரண்டு ஆண்டுக் கணக்கில் இது எம்எஸ்சிக்குச் சமமாகாது, ஆனால் வேலைக்கான நேர்காணலில் எடுத்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் கையில் இருக்கும்.

அந்த நோட்டுப் புத்தகம் எல்லா வழிக்கும் பொது. தேதி, வந்த காரணம், குடும்பப் படம், நீங்கள் கணக்கிட்ட வாய்ப்பு, திருத்தியவரின் கையெழுத்து என்று ஒரு கேஸுக்கு ஒரு பக்கம். பெயர், முகவரி, போன் எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

பணம் கட்டும் முன் எந்த இடமானாலும் கடந்த ஆண்டு அங்கே முடித்த இருவரின் தொடர்பைக் கேளுங்கள். அவர்களிடம் சான்றிதழைப் பற்றிக் கேட்க வேண்டாம். எத்தனை குடும்பங்களோடு நீங்களே பேசினீர்கள், தவறாகச் சொன்னபோது யார் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். தொடர்பைத் தரத் தயங்கும் இடமாக இருந்தால் அந்த மாதம் பணத்தைக் கட்டாமல் வைத்திருங்கள், அடுத்த சேர்க்கை வரும்.